‘தானியங்கி இழப்பீடு’ பொருத்தமான சொல்தானா?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு வணக்கம்.

மின்நுகர்வோர் உரிமைகள் விதிகள், 2020 தொடர்பான இழையில், ‘ஆட்டோமேட்டிக் காம்பென்சேஷன்’ (மின்சேவையில் தவறு நேர்ந்தால் நுகர்வோர் கேட்காமலே மின்நிறுவனம் தர வேண்டிய இழப்பீடு) என்பதற்குத் ‘தானியங்கி இழப்பீடு’ என்று ஐயா ஒருவர் முன்மொழிந்திருந்தார். அதை ஏற்க எனக்குத் தயக்கமாக உள்ளது. தானியங்கி என்றதும் பணம் வழங்கும் பொறிதான் நினைவுக்கு வருகிறது. விதியோ, தவறு நேர்ந்தபின் முதலில் அசைய வேண்டியவர் யார் என்பதைப் பற்றியது.

மின்சார ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த செயல்தரத்திலிருந்து (சேவை எப்படி இருக்க வேண்டும் என்ற அளவுகோலிலிருந்து) வழுவும் மின்பகிர்மான உரிமதாரர், அதாவது நமக்கு மின்சாரம் வழங்கும் நிறுவனம், பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தர வேண்டும் என்று 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 57ஆம் பிரிவு ஏற்கெனவே சொல்லிவிட்டது. தொகை தீர்மானிக்கப்பட்ட 90 நாட்களுக்குள் அதைக் கொடுத்தாக வேண்டும் என்றும் அது கூறுகிறது. ஆயினும் தவறை எடுத்துக்காட்டிக் கேட்டுப் பெறும் சுமை பெரும்பாலும் நுகர்வோரிடமே இருந்தது. தொலைவிலிருந்தே கண்காணிக்கத்தக்க சேவைக்கூறுகளில் தவறு நிறுவப்பட்டால் இழப்பீடு தானாகவே வந்துசேர வேண்டும் என்று கூறியதன் மூலம், 2020ஆம் ஆண்டு விதிகள் அந்தச் சுமையை இடம் மாற்றின. எடுத்துக்காட்டாக, அவ்விதிகளின் 2024ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி புதிய இணைப்புக்கான கெடு பெருநகரங்களில் 3 நாள், பிற நகராட்சிப் பகுதிகளில் 7 நாள், ஊரகத்தில் 15 நாள். விண்ணப்பம் பதிவான நாளும் இணைப்பு கொடுத்த நாளும் நிறுவனத்தின் கணினியிலேயே இருக்கும்போது, தாமதத்தை மெய்ப்பிக்கும் வேலையை நுகர்வோர் தலையில் கட்டுவதில் என்ன நியாயம் இருக்கிறது?

ஆகவே கலைச்சொல்லில் ‘கேட்காமலே’ என்னும் பொருள் தொனிக்க வேண்டும். முதலில் ‘கோரா இழப்பீடு’ என்று எண்ணினேன்; ‘பேசா மடந்தை’போல ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சமாக அழகாகத்தான் அமைகிறது. ஆனால் வங்கிகளில் ‘உரிமை கோரப்படாத வைப்புத்தொகை’ என்பது எவரும் வந்து வாங்காமல் தேங்கிக் கிடக்கும் பணம். அந்தச் சாயல் ஏறினால், கொடுக்கப்படாமல் கிடக்கும் இழப்பீடு என்று பொருள் தலைகீழாகிவிடும். ‘கேளா இழப்பீடு’ என்பதில் செவிகொடாமை என்ற பொருளும் குறுக்கிடுகிறது.

என் பரிந்துரை ‘மனுவில்லா இழப்பீடு’. எந்த அரசு அலுவலகத்துக்குப் போனாலும் ‘ஒரு மனு எழுதிக் கொடுங்கள்’ என்பதே முதல் விடையாக இருக்கும் நாட்டில், இச்சொல்லுக்கு விளக்கம் தேவைப்படாது. மனு நற்றமிழ்ச் சொல் அன்று என்று சிலர் மறுக்கக்கூடும். மாற்றாக ‘விண்ணப்பமில்லா’ என்று வைத்தாலும், விண்ணப்பமே ‘விஞ்ஞாபனம்’ என்னும் வடசொல்லின் திரிபுதானே! மேலும், புதிய இணைப்புக்குத் தருவதும் விண்ணப்பம் என்பதால் அங்கே குழப்பமும் நேரும்.

இதற்கு இணையாக, கேட்டுப் பெறும் வகையை ‘மனுவழி இழப்பீடு’ எனலாம். ‘கெடு தவறினால், மனுவில்லா இழப்பீடாக உரிய தொகை மின்கட்டணத்தில் கழிக்கப்படும்’ என்று ஓர் அறிவிப்புப் பலகைக்கு எழுதிப் பார்த்தேன். வாசகம் இயல்பாகவே நிற்கிறது. ‘செயல்தரம்’ என்பதைப் பற்றியும் எனக்கு ஐயம் உண்டு. அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.

அன்புடன்.