எங்க பாத்தாலும் 'கை'யும் 'தலை'யும் தான் வருது, ஏன்?

சொல்வேட்டை:
நேத்து ராத்திரி தூக்கம் வராம அகராதி ஆப்ல சும்மா 'கை'ன்னு அடிச்சேன், கட்டைவிரல் வலிக்கிற வரைக்கும் உருட்டியும் முடியல. கைப்பிடி, கைக்குட்டை எல்லாம் சரி, அதுல நெஜமாவே கை இருக்கு. ஆனா கைவிடுறது, கைகூடுறது, கைமாத்து, கையும் களவுமா, கைதி, கைங்கரியம் இதுலல்லாம் கைக்கு என்ன வேலை? 'தலை' எடுத்தா தலைவர், தலைநகர், தலைமுறை, தலையங்கம்னு போய் கடைசில 'தலைப்பு'ங்கிற வார்த்தைலயே தலை உக்காந்திருக்கு. இவ்ளோ சொல்லு இருக்கிற மொழில ஏன் இதே நாலஞ்ச புடிச்சுத் தொங்குறோம்?

பழையகணக்கு:
மொதல்ல ரெண்ட லிஸ்ட்ல இருந்து தூக்குங்க ப்ரோ. கைதி அரபில இருந்து வந்தது. கைங்கரியம் சமஸ்கிருதம், கிங்கரன்னா ஏவல் செய்றவன், அதுல இருந்து பொறந்தது. சத்தம் தான் ஒண்ணு, கை கெடையாது.

தலை நம்மகிட்ட மட்டும் இல்ல. லத்தீன்ல தலைக்கு 'காபுட்', கேப்பிட்டல், கேப்டன், சீஃப், சாப்டர் எல்லாம் அந்த வேர்ல இருந்து கெளம்புனது தான். உடம்பு எல்லாருக்கும் எப்பவும் கூடவே இருக்கு, புதுசா எதுக்காவது பேரு வேணும்னா மொதல்ல அதத்தான் தொடுவாங்க.

மழைக்கிறுக்கி:
கூட ஒண்ணு, அடிக்கடி பொழங்குற சொல்லுக்குத் தான் அர்த்தமும் நெறைய இருக்கும்னு ஜிப்ஃப்னு ஒரு அமெரிக்க ஆய்வாளர் 1945லயே எழுதிட்டார். ஆனா எனக்கு அதவிட ஆச்சரியம் என்னன்னா, சொல்ல மாத்தவே முடியாது. "அவன் என்னைக் கைகழுவிட்டான்"ங்கிறத "கரம் கழுவிட்டான்"னு சொல்லிப் பாருங்க, சோப்பு போட்ட மாதிரி இருக்கும். கண்மூடித்தனம் உண்டு, விழிமூடித்தனம் கெடையாது, ஆனா விழிப்புணர்வுக்கு மட்டும் விழி தான் வேணும். அப்புறம் டிஜிட்டல் கையெழுத்து! கையும் இல்ல, எழுத்தும் இல்ல, பேரு மட்டும் அப்படியே நிக்குது.

சொல்வேட்டை:
சோப்பு 😂 சரி, அப்போ கால்வாய்? கால் ஏன், வாய் ஏன்?

பழையகணக்கு:
கால்னா தண்ணி ஓடுற வழின்னும் அர்த்தம் இருக்கு, வாய்னா தெறப்பு. திருப்பிப் போட்டா வாய்க்கால், அதுலயும் தண்ணி தான் ஓடுது. முக்கால்ல வர்ற கால் நாலுல ஒரு பங்கு.

ஏட்டுச்சுவடி:
பேருன்னு வந்தா சங்க காலத்துப் பக்கம் போகாம இருக்க முடியல என்னால. பேரு தெரியாத புலவர்களுக்கு அவங்க பாட்டுல வர்ற சொல்லையே பேரா வச்சுட்டாங்க. குறுந்தொகை 40 'செம்புலப் பெயல் நீர்', எழுதுனவர் செம்புலப்பெயனீரார். அடுத்ததே 41, அணிலாடு முன்றிலார். 305 குப்பைக்கோழியார். செம்மண்ணு, மழை, அணிலு, முற்றம், குப்பை, கோழி, அவ்ளோ தான் சரக்கு, ஆனா ரெண்டாயிரம் வருஷமா கிட்டத்தட்ட அந்தப் பேருல தான் கூப்புடுறோம். (குப்பைக்கோழியார்னு யாராச்சும் என்னைக் கூப்பிட்டா கோவம் தான் வரும்.)

நூல் தலைப்பும் இதே கதை தான். கார் நாற்பது, களவழி நாற்பது, இன்னா நாற்பது, இனியவை நாற்பது, எண்ணிப் பாத்து அந்த எண்ணையே பேரா ஒட்டிட்டாங்க. அகநானூறு, புறநானூறும் அப்படித்தான்.

சொல்வேட்டை:
இன்னைக்காவது சீக்கிரம் தூங்கலாம்னு நெனச்சேன், இப்ப 'வாய்'னு அடிச்சு வச்சிருக்கேன். வாய்ப்பு, வாய்ப்பாடு, வாய்மை, வாய்தா... இந்த வாய்தா?

பழையகணக்கு:
அதுவும் அரபி தான். தூங்குங்க ப்ரோ.