மிக்ஜாம் எண்ணெய்: பழி மழை மேலா, ஆலை வளாகத்தின் மேலா?

எண்ணூர்வாசி: 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி ஆலைப் பகுதியிலிருந்து எண்ணெய் வந்து, பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரம் வரை படர்ந்தது. அங்குள்ள எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையின் வளாகத்திலிருந்து வந்தது என்றது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். குழாயில் கசிவே இல்லை என்றது நிறுவனம். குழாய் உடைய வேண்டியதே இல்லை சார். வளாகத்துத் தரையில் கிடப்பதை மழை வாரிக்கொண்டு வந்தாலே போதும். மீனவர்கள் வாளியும் மக்குமாக அள்ளினார்கள். வலை, படகு எல்லாம் பாழ்.

அம்பத்தூர் பட்டறை: பூண்டி ஏரியின் உபரிநீரும் சேர்ந்து கொசஸ்தலையாறு புரண்டு ஓடிய நேரம் அது. ஆலையில் தண்ணீரிலிருந்து எண்ணெய் பிரிக்கும் தொட்டி சாதாரண மழைக்குத்தான் தாங்கும். தொட்டியே முழுகிவிட்டால் யார் என்ன செய்வது? இதைச் சாக்கிட்டு எங்களைப் போன்ற சின்னப் பட்டறைகள் மேல் விதி பாயும். எனக்கு இருப்பதே அரை கிரவுண்டு.

எண்ணூர்வாசி: தொட்டி முழுகும், சரி. முழுகினால் வெளியே போவது எது? மாதக்கணக்கில் வழிக்காமல் மேலே மிதக்கும் எண்ணெய்தான். புரட்டாசியிலேயே வழித்து எடுத்திருந்தால் போவதற்கு அவ்வளவு இருக்காது.

ஆலைப் பராமரிப்பு: இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எண்ணெய் சேமிக்கும் டேங்கைச் சுற்றித் தடுப்புச் சுவர் இருக்கும். தேங்கும் மழைநீரை வெளியேற்ற அடியில் ஒரு வால்வு. திறந்துவிட்டு மூட மறந்தால் சுவர் இருந்தும் பயனில்லை. பட்டறைக்காரரே, லேத்தில் கடையும்போது விழும் இரும்புப் பிசிறை எங்கே கொட்டுகிறீர்கள்?

அம்பத்தூர் பட்டறை: கேட்டுக்குப் பக்கத்தில், வெளியேதான். பழைய இரும்புக்காரர் வரும்வரை கிடக்கும்.

ஆலைப் பராமரிப்பு: அதிலிருந்து கூலன்ட் ஆயில், அதாவது கடையும்போது சூடு தணிக்க ஊற்றுவது, சொட்டிக்கொண்டே இருக்கும். முதல் மழையிலேயே வாசலில் வானவில் நிறத்தில் படலம் ஓடும், பாருங்கள். மழைநீர் வடிகால் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போவதில்லை, நேரே நீர்நிலைக்குத்தான். குவியலுக்கு மேலே ஒரு தகரக் கூரை, அடியில் தட்டு. ஆயில் சிந்தினால் மரத்தூள் தூவிக் கூட்டி அள்ளுங்கள், ஹோஸ் பிடித்துக் கழுவாதீர்கள். இதற்கு இடமும் வேண்டாம்.

அம்பத்தூர் பட்டறை: கூரை போட்டுவிடலாம். ஆனால் எங்கள் தொழிற்பேட்டைக்கு ஒரே வடிகால். பக்கத்து ஆள் பழைய ஆயிலை ஊற்றினால் மாட்டுவது நான்.

எண்ணூர்வாசி: உங்கள் தண்ணீர் பொது வடிகாலில் சேரும் முன் தனியாக ஒரு குழி வையுங்கள். அங்கே மாதிரி எடுத்தால் எது யாருடையது என்று தெரிந்துவிடும்.

அம்பத்தூர் பட்டறை: அது நியாயம். சங்கத்தில் பேசுகிறேன். ஆனால் சோதனையைப் பெரிய ஆலையிலிருந்து தொடங்குங்கள். அதில் நான் மாறமாட்டேன்.