வெளிநாட்டில் சட்ட மேற்படிப்பு, ஆய்வு: மறக்க முடியாத சந்திப்புகளைப் பகிருங்கள்

நான் அமெரிக்காவில் எல்.எல்.எம். (சட்ட முதுநிலைப் படிப்பு) படித்தேன். முதல் வாரமே பேராசிரியர் என் பெயரைக் கூப்பிட்டு வழக்கின் சங்கதிகளைச் சொல்லச் சொன்னார். சொன்னேன். "சரி, இதில் இந்த ஒரு சங்கதி மட்டும் வேறாக இருந்தால் தீர்ப்பு மாறுமா?" என்றார். பதிலை முடிப்பதற்குள் இன்னொன்றை மாற்றினார், அப்புறம் இன்னொன்று. 1870-இல் ஹார்வர்டு சட்டப் பள்ளியின் டீனாக வந்த லாங்டெல் பரப்பிய முறையிலிருந்து வளர்ந்தது இது. பிரிவு எண்களையும் தீர்ப்பின் சாரத்தையும் மனப்பாடம் செய்து வந்தவர்களுக்கு முதலில் மூச்சு முட்டும். ஆனால் ஒரு தீர்ப்பு எந்தச் சங்கதியின் மேல் நிற்கிறது என்று தேடிப் படிக்கும் பழக்கம் எனக்கு அங்கேதான் வந்தது.

*

லண்டன் பக்கம் ஆய்வு செய்கிறவர்கள் நூலகர்களிடம் தயங்காமல் பேசுங்கள். ரஸ்ஸல் சதுக்கத்தில் இருக்கும் உயர் சட்ட ஆய்வு நிறுவனத்தின் நூலகத்தில் ஒரு சட்டப்பிரிவின் நோக்கத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். கட்டுரை கட்டுரையாகப் புரட்டிக்கொண்டிருந்த என்னிடம் நூலகர் கேட்டது ஒரே கேள்வி: "ஹான்சார்டு பார்த்தீர்களா?" ஹான்சார்டு என்பது பிரிட்டிஷ் நாடாளுமன்ற விவாதப் பதிவு. பிரிவின் வாசகம் தெளிவில்லாமல் இருந்தால் மசோதாவைக் கொண்டுவந்த அமைச்சர் அவையில் தெளிவாகச் சொன்னதை நீதிமன்றம் பார்க்கலாம் என்று 1992-இல் பெப்பர் எதிர் ஹார்ட் வழக்கில், அப்போது உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் அவை சொன்னதைப் பாடத்தில் படித்தவள்தான் நான். இருந்தாலும் அந்த விவாதப் பதிவையே எடுத்து வைத்து, அமைச்சர் எங்கே நழுவுகிறார் என்று வரி வரியாகப் பார்ப்பது முற்றிலும் வேறு அனுபவம். இன்னொன்று, ஆஸ்கோலா என்ற சட்ட மேற்கோள் முறைப்படி அடிக்குறிப்புகளை முதல் நாளிலிருந்தே சரியாகப் போட்டுவிடுங்கள், கடைசி மாதத்துக்குத் தள்ளாதீர்கள்.

*

என் சந்திப்பு ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில். அங்குள்ள மாக்ஸ் பிளாங்க் சட்ட ஆய்வு நிறுவன நூலகத்தில் பக்கத்து மேசை ஆய்வாளர் என் தலைப்பு என்ன என்று கேட்டார். கேசவானந்த பாரதி வழக்கு, அதாவது அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பைத் திருத்தத்தாலும் மாற்ற முடியாது என்ற இந்திய உச்ச நீதிமன்றத் தீர்ப்பு என்றேன். "அப்படியானால் கான்ராடிலிருந்து தொடங்குங்கள்" என்று சொல்லிவிட்டு, ஜெர்மன் அடிப்படைச் சட்டத்தின் (அந்நாட்டு அரசியலமைப்பின்) விளக்கவுரைத் தொகுதியை எடுத்து வந்து 79(3)-ஆம் உறுப்பைத் திறந்து வைத்தார். மனித மாண்பு, மக்களாட்சி, கூட்டாட்சி இவற்றின் அடிப்படைகளைத் திருத்தத்தாலும் தொட முடியாது என்று 1949-இலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். ஹிட்லருக்கு முந்தைய ஜெர்மனியின் வைமர் அரசியலமைப்பு, சட்டத்தின் பெயராலேயே சிதைக்கப்பட்டதைக் கண்ணால் பார்த்தவர்கள் எழுதியது அது. ஹைடல்பெர்க் தெற்காசிய நிறுவனத்தைச் சேர்ந்த டீட்ரிஷ் கான்ராட், திருத்தும் அதிகாரத்துக்கு உள்ளார்ந்த எல்லை உண்டா என்று 1965-இல் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் உரையாற்றினார். அந்தச் சிந்தனையை வழக்கறிஞர் எம்.கே. நம்பியார், நாடாளுமன்றத்தின் திருத்தும் அதிகாரம் பற்றிய கோலக்நாத் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றத்தின் முன் வைத்தார். 1973-இல் கேசவானந்த பாரதி வழக்கில் 13 நீதிபதிகள் அமர்வில் 7-க்கு 6 என்று அது வேறு உருவில் வென்றது.

தீர்ப்பை நான் பலமுறை படித்திருக்கிறேன். ஆனால் ஜெர்மனியில் உறுப்பாக எழுதப்பட்டிருப்பது இந்தியாவில் ஒரு வரிகூட எழுதப்படாமல் நீதிபதிகளால் கட்டப்பட்டது என்பது அந்த மேசையில்தான் உறைத்தது. எழுதப்படாத எல்லைக்கு எங்கிருந்து அதிகாரம் வருகிறது என்பதே இப்போது என் ஆய்வுக் கேள்வி. வழிகாட்டி சம்மதித்துவிட்டார், கான்ராடின் ஜெர்மன் கட்டுரைகளை மொழிபெயர்ப்பில் படிக்கக் கூடாது என்ற ஒரே நிபந்தனையோடு. அதனால் மாலையில் மொழி வகுப்புக்குப் போகிறேன்.