உரையைப் பார்க்காமல் குறுந்தொகைக்குத் திணை காண்பது எப்படி?

வணக்கம். மதுரையில் எம்.ஏ. தமிழ் முதலாண்டு படிக்கிறேன், இளங்கலை இயற்பியல். சங்க இலக்கியத் தாளில் திணை (குறிஞ்சி, முல்லை போன்ற பாட்டு வகை) காண்பதுதான் சிக்கல். நான்கு வாரமாகக் குறுந்தொகைப் பாடல்களுக்கு முதல் (நிலமும் பொழுதும்), கரு (அந்நிலத்து உயிர்களும் பொருள்களும்), உரி (பாட்டில் வரும் காதல் நிலை) என்று அட்டவணை போட்டுப் பார்க்கிறேன். உ.வே.சா. 1937இல் வெளியிட்ட உரையோடு படித்தால் புரிகிறது. உரையை மூடினால் தடுமாற்றம்.

போன வாரத் தேர்வில் 40ஆம் பாடல். 'செம்புலப் பெயல்நீர்' என்றதும் மழைதானே, கார்காலம், முல்லை என்று எழுதிவிட்டேன். விடை குறிஞ்சி. குறிஞ்சிக்குரிய மலையோ தினையோ அதில் இல்லை. நெஞ்சங்கள் கலந்த புணர்தல்தான் இங்கே உரிப்பொருள், அது குறிஞ்சிக்குரியது என்பது அப்புறம்தான் உறைத்தது. அவ்வளவு அழகான பாட்டைத் தவறாகப் படித்தது இன்னும் வருத்துகிறது.

பருவத்தேர்வு டிசம்பரில். கூற்றுக் குறிப்பு (யார், எந்தச் சூழலில் சொன்னது என்பது) தராத பாடலில் உரிப்பொருளைப் பிடிக்க முதலில் எதைப் பார்ப்பீர்கள்?