ரிம் கிட்ட ஃபினிஷிங்: அடுத்த சீசன் லிஸ்ட் போட்டா யாருன்னே தெரியாத பசங்க மேல வர்றாங்க, ஹெல்ப் ப்ளீஸ்

ரிம்ரன்னர்:
எல்லாருக்கும் வணக்கம். 2025-26 அமெரிக்க காலேஜ் பாஸ்கெட்பால் நவம்பர் 3 ஆரம்பிக்குது, அதுக்குள்ள எங்க க்ரூப்ல ஒரு போட்டி, ரிம் (கூடை வளையம்) பக்கத்துல போடற ஷாட்டை யாரு பெஸ்ட்டா முடிப்பாங்கன்னு ஆளுக்கு அஞ்சு பேர் எழுதி குடுக்கணும், ஜெயிக்கறவனுக்கு மத்தவங்க பிரியாணி. நான் காலேஜ் பாஸ்கெட்பால் ஸ்டாட்ஸ் போடற பார்ட் டோர்விக் சைட்ல இருந்து போன சீசன் ரிம் ஷாட் நம்பரை எக்செல்ல எறக்கி பர்சன்டேஜ் வாரியா சார்ட் போட்டேன். மேல வர்றதுல பாதி பேர் பெஞ்ச்ல உக்காந்திருந்த பசங்க, 20 ஷாட்டுக்கு 16, 80%ன்னு நிக்கறாங்க. சரி மினிமம் 100 ஷாட்னு கட்-ஆஃப் வைக்கலாம்னா போன வருஷம் கம்மியா ஆடி இந்த வருஷம் ஸ்டார்ட் பண்ணப்போற நல்ல ஆளுங்களும் அதோட அடிபட்டு போறாங்க. என்ன பண்றது?

எக்செல் சித்தப்பு:
கட்-ஆஃப் வேணாம் தம்பி. எல்லாருக்கும் கணக்குல 50 ஷாட் சேத்து விடு, அதுல 30 உள்ள போச்சுன்னு வை, ரிம் கிட்ட சராசரி ஆளு சுமாரா 60% போடுவான்னு எடுத்துக்க. இப்ப உன் 20க்கு 16 ஆளு 70க்கு 46 ஆயிடுவான், அதாவது 65.7. இன்னொருத்தன் 190க்கு 130 போட்டிருந்தா மொத 68.4, இப்ப 240க்கு 160, 66.7. பாரு, 80% ஆளு தன்னால கீழ எறங்கிட்டான், ஆனா லிஸ்ட்ட விட்டு போகல. 65% தரம் இருக்கறவன் ஒரு 20 ஷாட்ல 16 போட்டுட்டு போறதுல அதிசயம் ஒன்னும் இல்ல.

ரிம்ரன்னர்:
சூப்பர் சித்தப்பு, போட்டு பாத்தேன், இப்ப தெரிஞ்ச பேரா வருது. அப்ப மேல இருக்கற அஞ்சு பேரை அப்படியே எழுதிடவா?

விடியக்காலை மேட்ச்:
எழுதாத. அது போன வருஷ லிஸ்ட், நீ கேக்கறது அடுத்த வருஷம். டெவான்டே கேகாக்னு ஒருத்தன், நார்த் கரோலினா வில்மிங்டன் காலேஜ், 2016-17ல எல்லா ஷாட்டும் சேத்து 80.0% போட்டான், என்சிஏஏல (அமெரிக்க காலேஜ் ஸ்போர்ட்ஸ் அமைப்பு) ஒரு சீசன் ரெக்கார்டே அதுதான், 1981ல ஆரிகன் ஸ்டேட் ஸ்டீவ் ஜான்சன் வச்சிருந்த 74.6ஐ தூக்கி சாப்பிட்டான். அந்த சீசன் முடிஞ்சதும் கோச் கெவின் கீட்ஸ் என்சி ஸ்டேட் காலேஜுக்கு போயிட்டாரு, கார்டு (பந்தை கொண்டு வந்து பாஸ் குடுக்கற ஆளு) சி.ஜே. பிரைஸும் அவர் பின்னாடியே ட்ரான்ஸ்ஃபர். பந்து குடுத்தவங்க போனாங்க, எதிர் டீம் மொத்தமும் கேகாக் மேல விழுந்துச்சு, பாயிண்ட்ஸும் ரீபவுண்டும் ஏறுச்சு ஆனா பர்சன்டேஜ் நல்லாவே எறங்கிருச்சு. ஆளு அதே ஆளு தான். அதனால ஷீட்ல இன்னொரு காலம் (column) போடு, இவனுக்கு பாஸ் குடுத்த கார்டு இந்த வருஷம் இருக்கானா இல்லையான்னு.

இப்ப அப்படி பாத்தா எனக்கு பயம் கொன்சாகா டீம் க்ரஹாம் ஐக் தான். அவனுக்கு பாஸ் குடுத்த ரயன் நெம்ப்ஹார்ட் போன சீசன் ஆட்டத்துக்கு 9.8 அசிஸ்ட் (கூடையில முடியற பாஸ்), நாட்டுலயே முதல் ஆளு, அவன் ப்ரோவுக்கு போயாச்சு. ஐக் போஸ்ட்ல (கூடைக்கு முதுகு காட்டி நிக்கற இடம்) தானா திரும்பி அடிக்க தெரிஞ்சவன், அதனால ஒரேயடியா விழ மாட்டான். ஆனாலும் ஓடி வந்து சும்மா வச்சுட்டு போற ஈஸி லேஅப் கொறையும்னு தான் தோணுது.

பர்டூ பைத்தியம்:
அப்ப எங்க பர்டூவை எடுங்க, ப்ரேடன் ஸ்மித் 8.7 அசிஸ்ட் போட்டுட்டு திரும்ப வந்திருக்கான், ட்ரே காஃப்மன்-ரென் 20.1 ஆவரேஜ், அவனும் வந்தாச்சு, வேற என்ன வேணும்? எங்க பழைய சென்டர் ஸாக் ஈடி காலத்துல இருந்து நாங்க பந்தை உள்ள குடுக்கறதுல குறையே வச்சதில்ல.

விடியக்காலை மேட்ச்:
அக்கா, காஃப்மன்-ரென் நல்ல ஆளு, ஆனா இந்த கேள்விக்கு ஆள் இல்ல. அவன் பிக் அண்ட் ரோல்ல (கூட ஆடறவனுக்கு வழி மறிச்சு குடுத்துட்டு உள்ள ஓடறது) பாதி வழியில பந்தை வாங்கி அஞ்சாறு அடி தள்ளி நின்னு ஒரு கையால தூக்கி விடற ஃப்ளோட்டர் தான் அவன் பொழப்பே. அது ரிம் ஷாட் இல்ல. உங்க டீம்ல இந்த போட்டிக்கு எடுக்கணும்னா சவுத் டகோட்டா ஸ்டேட்ல இருந்து வந்திருக்கற ஆஸ்திரேலியாக்காரன் ஆஸ்கர் க்ளஃப், இல்லன்னா 7 அடி 4 இன்ச் டேனியல் ஜேக்கப்சன். க்ளஃப் சம்மிட் லீக்ல (சின்ன காலேஜ் லீக்) சின்ன பசங்க மேல போட்ட நம்பர், பர்டூ ஆடற பிக் டென் லீக்ல கொஞ்சம் கழிச்சு வை. ஜேக்கப்சன் போன நவம்பர்ல காலை உடைச்சுக்கிட்டு சீசனே போச்சு, அவனுக்கு சித்தப்புவோட 50 ஷாட் தான் கதி.

பர்டூ பைத்தியம்:
ஃப்ளோட்டரும் ரெண்டு பாயிண்ட் தான் தம்பி 😒

எக்செல் சித்தப்பு:
இதுல ஒரு வில்லங்கமும் இருக்கு. எது லேஅப் எது ஜம்பர்னு (தள்ளி நின்னு குதிச்சு போடறது) முடிவு பண்றது அந்தந்த ஊர் மைதானத்துல ப்ளே-பை-ப்ளே (ஒவ்வொரு ஷாட்டா பதிவு) அடிக்கற ஆளு. அஞ்சு அடி ஃப்ளோட்டரை ஒருத்தர் லேஅப்னு அடிப்பாரு, இன்னொருத்தர் ஜம்பர்னு அடிப்பாரு. ஒரு டீமோட ஹோம் மேட்ச்ல ரிம் ஷாட் எண்ணிக்கை மட்டும் ஒரு மாதிரி இருந்தா ஆட்டக்காரனை சந்தேகப்படாத.

ரிம்ரன்னர்:
ஓ அது வேறயா. சரி, ஃப்ளோரி பிடுங்கா? கன்சாஸ்ல மெயின் சென்டர் ஹன்டர் டிக்கின்சனுக்கு பேக்கப்பா ஆட்டத்துக்கு பாதி நேரம் கூட கிடைக்காம 70%ஐ ஒட்டி போட்டான். ட்ரான்ஸ்ஃபர் போர்ட்டல்ல பேர் குடுத்துட்டு மனசு மாறி அங்கயே இருக்கான். டிக்கின்சன் இப்ப இல்ல.

விடியக்காலை மேட்ச்:
எடுக்கலாம், ஆனா டங்கை (குதிச்சு வளையத்துலயே அமுக்கறது) தனியா பிரிச்சு பாத்துட்டு எடு. சைட்லயே டங்குக்கு தனி காலம் இருக்கு, ரிம் ஷாட்ல இருந்து அதை கழிச்சா மிச்சம் லேஅப், டிப்-இன் (மோதி வர்ற பந்தை தட்டி விடறது). லாப்ல (வளையம் பக்கம் தூக்கி போடற பாஸ்) வர்ற டங்க் ஊட்டி விட்ட சோறு மாதிரி, ஊட்டற ஆளு இருக்கற வரைக்கும் தான். கன்சாஸ்ல பாஸ் குடுத்த கார்டு டஹுவான் ஹாரிஸும் போயிட்டான், டாரின் பீட்டர்சன் புதுப்பையன், தானே ஸ்கோர் பண்ண வர்றவன். டங்கை கழிச்சும் நல்லா நிக்கறவன் தான் டீம் மாறுனாலும் நிப்பான். ஸயன் வில்லியம்சன் ட்யூக்ல 6 அடி 7 இன்ச் தான், 2018-19ல மொத்தமா 68.0%. எல்லாரும் டங்கை தான் ஞாபகம் வச்சிருக்காங்க, ஆனா அவன் இடிச்சு உள்ள போய் உடம்பை நடுவுல குடுத்து வைக்கற லேஅப் தான் என்னை கேட்டா பெரிய விஷயம்.

நாலாவது குவார்ட்டர்:
ஏன் எல்லாரும் பசங்களையே பேசறீங்க? அயோவா ஸ்டேட் ஆடி க்ரூக்ஸ், 6 அடி 3 இன்ச், போன சீசன் 23.4 ஆவரேஜ், 60%க்கு மேல, அதுவும் ரெண்டு மூணு பேர் சுத்தி நிக்கும்போது. டங்கே கிடையாது, எல்லாம் கால் வேலை, கை பதம். யுசிஎல்ஏ லாரன் பெட்ஸ் 6 அடி 7 இன்ச், அவளுக்கு பாஸ் குடுக்கற கிக்கி ரைஸும் கூடவே திரும்ப வர்றா. போட்டி பசங்களுக்கு மட்டும்னு எங்கயாவது போட்டிருக்கா?

ரிம்ரன்னர்:
போடல அக்கா 😀 க்ரூக்ஸ் உள்ள. பெட்ஸும் உள்ள. அப்புறம் பிடுங்கா, க்ளஃப், அஞ்சாவதா மிச்சிகன் அடே மாரா, 7 அடி 3 இன்ச் ஸ்பெயின்காரன், யுசிஎல்ஏல அவனுக்கு நேரமே குடுக்கல, இப்ப கோச் டஸ்டி மே கிட்ட வந்திருக்கான், பாஸ் குடுக்க எலியட் கேடோ. புதுசா காலேஜ் வர்ற கேம் பூஸர், டிபான்ட்ஸா ரெண்டு பேரையும் விட்டுட்டேன், ஹைஸ்கூல் நம்பரை வச்சு எதையும் சொல்ல முடியல.

பர்டூ பைத்தியம்:
க்ளஃப்புக்கு தேங்க்ஸ். பூஸரை விட்டது தப்பு, பாத்துக்கிட்டே இரு.

எக்செல் சித்தப்பு:
லிஸ்ட் ஓகே. ஆனா கடைசியில ஜட்ஜ் பண்ணும்போது மினிமம் எத்தனை ஷாட், பர்சன்டேஜா மொத்த பாயிண்ட்டான்னு இப்பவே க்ரூப்ல எழுதி வாங்கு. மார்ச்ல போய் பேசினா பிரியாணி வராது, சண்டை தான் வரும்.

ரிம்ரன்னர்:
பேசிட்டேன், மினிமம் 120 ரிம் ஷாட், பர்சன்டேஜ் தான். ஒருத்தன் மட்டும் டங்கை சேக்கக்கூடாதுன்னு மல்லுக்கு நிக்கறான், அவன் லிஸ்ட்ல பூரா கார்டு.