தோளுக்கு அதிக உதை இல்லாமல் மான் வேட்டை: எந்த ரைஃபிள், எந்தத் தோட்டா?

பனிமலைக்காரி:
வணக்கம். கொலராடோவில் இருக்கிறோம். வேட்டைப் பாதுகாப்பு வகுப்பை முடித்து அட்டை வாங்கிவிட்டேன், இந்த இலையுதிர் காலத்துக்கு மியூல் மான் அனுமதியும் கிடைத்திருக்கிறது. சிக்கல் என் வலது தோள்தான். காறை எலும்பில் அறுவை சிகிச்சை செய்து ஆறிவிட்டது. சுடலாம், ஆனால் உதை (சுடும்போது துப்பாக்கி தோளில் பின்னால் இடிப்பது) குறைவாக இருக்கட்டும் என்கிறார் மருத்துவர். வீட்டில் இருப்பது கணவரின் .30-06 ரைஃபிள். அவர் போடுவது 180 கிரெய்ன் தோட்டா (கிரெய்ன் என்பது குண்டின் எடை அளவு). இரண்டு முறை சுட்டதும், அடுத்த முறை விசையைத் தொடும்போதே கண் தானாக மூடிக்கொள்கிறது. இப்படி இருக்கும்போது ஒரு உயிரின் மேல் குறி வைக்க எனக்கு மனம் வரவில்லை. தோழி ஒருத்தி .223 என்ற சின்னத் தோட்டாவே போதும் என்கிறாள். போதுமா?

ஓடைக்கரை:
அக்கா, .223 அங்கே ஆகாது. கொலராடோவில் மானுக்குக் குறைந்தது .24 கேலிபர் (அங்குலத்தில் குண்டின் விட்டம்) வேண்டும். குண்டு விரியும் வகையாகவும் 70 கிரெய்னுக்குக் குறையாமலும் இருக்க வேண்டும். 100 கெஜத்தில் 1,000 அடி-பவுண்டு ஆற்றலும் மிஞ்சியிருக்க வேண்டும். அந்த வரம்புக்குள் உதை குறைந்தது என்றால் .243 வின்செஸ்டர். 1955இல் வந்தது, .308இன் கழுத்தைக் குறுக்கிச் செய்த தோட்டா. 100 கிரெய்ன் குண்டு 100 கெஜத்தில் 1,600 அடி-பவுண்டு அளவில் வைத்திருக்கும். எட்டு பவுண்டு துப்பாக்கியில் உங்கள் கணவரின் தோட்டா ஏறத்தாழ 20 அடி-பவுண்டு உதைக்கும். .243இன் உதை 9, 10தான்.

ஆனால் கேலிபரைவிட நான் அதிகம் கவலைப்படுவது குண்டைப் பற்றி. .243க்கு 55, 58 கிரெய்ன் குண்டுகளும் விற்கிறார்கள். அவை கொயோட்டி போன்ற சிறு விலங்குகளுக்கானவை, பட்டவுடன் சிதறிவிடும். மானின் தோள் எலும்பில் பட்டால் மேலோடு புண்ணாகும், நுரையீரல் வரை போகாது. அந்த மான் ஓடிப்போய் எங்கோ பல மணி நேரம் வதைபட்டுச் சாகும். இதை நினைத்தாலே எனக்கு ஆறாது. 95 அல்லது 100 கிரெய்னில் ஈயமும் உறையும் பிணைந்த குண்டோ, நடுவே தடுப்புள்ள நோஸ்லர் பார்ட்டிஷன் மாதிரியோ வாங்குங்கள். முழுச் செம்பு என்றால் 80, 85 கிரெய்னே போதும், அது எடை இழக்காமல் ஊடுருவும்.

இன்னொன்று. தோள் வலி என்றதும் கடையில் ஆறு பவுண்டுகூட இல்லாத குட்டி ரைஃபிளை எடுத்து நீட்டுவார்கள். வேண்டாம். அதே தோட்டா லேசான துப்பாக்கியில் கூடுதலாக உதைக்கும். தூக்கி நடக்க முடிகிற அளவுக்குக் கனமானதையே எடுங்கள். கட்டையின் நீளம் உங்கள் கைக்குப் பொருந்த வேண்டும், அடியில் நல்ல மெத்தென்ற ரப்பர் பட்டை இருக்க வேண்டும்.

நெடும்பார்வை:
ஓடைக்கரை அண்ணா சொன்னதில் எனக்கு ஒரு வேறுபாடு. மியூல் மான் திறந்த வெளியில் நிற்கும், காற்றும் அடிக்கும். .243இன் 100 கிரெய்னைவிட 6.5 கிரீட்மோர் என்ற தோட்டாவின் 140 கிரெய்ன் காற்றில் குறைவாகத்தான் விலகும். உதை 12, 13 அடி-பவுண்டுதான். 7மிமீ-08உம் அதே அளவுதான். தோள் தாங்கினால் நான் இந்தப் பக்கம் போவேன். குழல் முனையில் பிரேக் (வாயுவைப் பக்கவாட்டில் திருப்பிவிடும் துளையுள்ள துண்டு) மாட்டினால் உதை இன்னும் குறையும். ஆனால் சத்தம் கொடூரமாக இருக்கும், காதுக்குள் அடைப்பு, மேலே மஃப் இரண்டும் கட்டாயம்.

பனிமலைக்காரி:
ரொம்ப நன்றி. புது ரைஃபிள் வாங்கும் முன் கணவரின் துப்பாக்கியிலேயே ஏதாவது செய்ய முடியுமா?

ஓடைக்கரை:
முடியும் அக்கா. .30-06க்கே உதை குறைத்த 125 கிரெய்ன் தோட்டா கிடைக்கிறது. உதை ஏறக்குறைய பாதியாகிவிடும். முதலில் ஒரு பெட்டி வாங்கிச் சுட்டுப் பாருங்கள். ஸ்கோப்பை மட்டும் அந்தத் தோட்டாவுக்கே புதிதாகச் சரிசெய்ய வேண்டும், 180 கிரெய்ன் விழுந்த இடத்தில் இது விழாது. 200 கெஜத்துக்கு மேல் முயல வேண்டாம். மான் பக்கவாட்டாக நிற்கும்போது மட்டும், முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னே, உடம்பின் கீழ் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில்.

கண் மூடுகிற பழக்கத்துக்கு, உதையே தெரியாத சின்ன .22 ரிம்ஃபயரில் நிறையச் சுடுங்கள். அப்புறம் பெரிய ரைஃபிளுக்கு வரும்போது, சில முறை உண்மைத் தோட்டாவும் சில முறை வெற்றுத் தோட்டாவுமாக (வெடிமருந்தே இல்லாத போலித் தோட்டா), உங்களுக்குச் சொல்லாமல் கணவரைப் போடச் சொல்லுங்கள். வெற்றுத் தோட்டாவுக்குக் குழல் அசையாமல் நின்றால் நீங்கள் தயார்.