கூகுள் டாக்ஸில் இரண்டாம் மொழிப் பயிற்சி: திருத்திக் கொடுக்கலாமா?

எழுத்தாணி:
மாணவர் எழுதியதை சஜஷன் மோடில், அதாவது திருத்தத்தைப் பரிந்துரையாகக் காட்டி, எழுதியவர் ஏற்கவோ மறுக்கவோ விடும் வசதியில், திருத்தவே கூடாது என்பது என் கட்சி. ‘நான் தமிழ் தெரியும்’ என்று எழுதுகிறார். நீங்கள் ‘எனக்குத் தமிழ் தெரியும்’ என்று மாற்றுகிறீர்கள். அவர் டிக் குறியைத் தட்டினால் வாக்கியம் சரியாகிவிடும். ஏன் ‘எனக்கு’ என்று யோசிக்க வேண்டிய தேவையே வராது. மொத்தமாக ஏற்க ஒரு பொத்தான் வேறு இருக்கிறது. தவறான சொல்லைத் தேர்ந்து கமெண்டில் ‘வேற்றுமை’ என்று மட்டும் போடுங்கள். திருத்தத்தை அவரே தட்டச்சு செய்யட்டும்.

நாற்சந்தி:
ஒத்துக்கொள்ள மாட்டேன். ‘தெரியும், பிடிக்கும், வேண்டும்’ எல்லாம் ‘கு’ உருபு கேட்கும் என்று படித்தவருக்குத்தான் ‘வேற்றுமை’ என்ற குறிப்பு துப்பு. ‘ஆசிரியரிடம் கேள்வி செய்தேன்’ என்று எழுதினால் என்ன குறிப்பு போடுவீர்கள்? ‘கேள்வி கேட்டேன்’ என்பதற்கு விதி இல்லை, வழக்குதான். இரண்டாம் மொழி எழுத்தில் இலக்கணப் பிழையைத் திருத்துவதே வீண் என்று ஆய்வாளர் ட்ரஸ்காட் 1996-இல் வாதிட்டார்; அதற்கு இன்னொரு ஆய்வாளர் ஃபெரிஸ் 1999-இல் கொடுத்த பதிலில் இந்தப் பிரிவு உண்டு: விதியைக் காட்டிச் சரிசெய்யக்கூடிய பிழை வேறு, முடியாதது வேறு. இரண்டாவது வகைக்குச் சரியான வடிவத்தையே கொடுத்துவிட வேண்டும். இன்னொன்று, பகிரும்போது அனுமதியை ‘கமெண்டர்’ (கருத்திடுபவர்) என்று வைத்தாலும் சஜஷன் போட முடியும். கமெண்டை அனுமதித்து சஜஷனை மட்டும் சக மாணவர்களுக்குத் தடுக்க செட்டிங்கால் இயலாது.

எழுத்தாணி:
‘கேள்வி கேட்டேன்’ போன்ற சொற்சேர்க்கைக்கு உங்கள் வழியே சரி. ஆனால் நடைமுறையில் அதோடு யாரும் நிற்பதில்லை. பக்கம் முழுக்கப் பச்சையும் சிவப்புமாகக் கோடு விழுகிறது, எது முக்கியம் என்றே மாணவருக்குத் தெரியாமல் போகிறது. ஒரு வரைவுக்கு இரண்டு பிழை வகை போதும். மீதி அடுத்த வரைவில்.

பனையோலை:
இருவரும் திருத்தத்தையே பேசுகிறீர்கள். இரண்டு பேர் ஒரே பக்கத்தில் சேர்ந்து எழுதும்போதுதான் இந்தக் கருவிக்கே அர்த்தம். அங்கே வரும் சிக்கல் வேறு: மொழி வல்லவர் எழுதித் தள்ளுவார், மற்றவர் ‘நன்று’ என்று ஒரு கமெண்டோடு ஒதுங்கிக்கொள்வார். பத்திக்குப் பத்தி எழுதுபவரை மாற்றுங்கள். அடுத்தவர் வாக்கியத்தில் கை வைக்கும் முன் காரணத்தைக் கமெண்டில் எழுத வேண்டும் என்று விதி வையுங்கள். யார் எவ்வளவு எழுதினார் என்பதை, பழைய வடிவங்களைக் காட்டும் வெர்ஷன் ஹிஸ்டரி தனித்தனி நிறத்தில் காட்டிவிடும்.

நாற்சந்தி:
அந்த நிறத்தை நம்பி மதிப்பெண் போடாதீர்கள். இருவரும் அழைப்பில் பேசிக்கொண்டே ஒருவர் தட்டச்சு செய்தால் எல்லாம் ஒரே நிறம்தான். வாக்கியத்தை யோசித்தவர் மற்றவராக இருக்கலாம். வேறு இடத்தில் எழுதி ஒட்டினாலும் ஒட்டியவர் பெயரில்தான் விழும். பார்க்க வேண்டியது கமெண்ட் உரையாடலை: ‘இங்கே ஏன் இறந்தகாலம்?’ என்று ஒருவர் கேட்டு, மற்றவர் பதில் சொல்லியிருக்கிறாரா என்று.